மூன்றாம் வரிக்கு முன்

எனக்குக் குரல் பெரிசு. எங்கள் பள்ளிக்கூடத்தில் படித்த எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் என்னை அடையாளம் சொல்ல இதைத்தான் முதலில் சொல்லும். நான் சமூக அறிவியல் டீச்சர். ஒன்பதாம் வகுப்பில் நின்று பிரெஞ்சுப் புரட்சியை நடத்தினால், சத்துணவுக் கூடத்தில் சாதம் வடிக்கிற அக்காவுக்கும் அரசன் தலை போன சேதி தெரிந்துவிடும். பிள்ளைகள் எனக்கு மைக்செட் என்று பேர் வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொள்ளட்டும். போடிக்குப் பக்கத்துத் தேவாரம் ஊரில் தோட்டத்து வீட்டில் பிறந்தவள் நான். வயலுக்கு அந்தக் கோடியில் நிற்கிறவருக்கு யானை இறங்கிவிட்டதைக் கத்திச் சொல்லிப் பழகிய தொண்டை இது.

இதை எதற்கு முதலில் சொல்கிறேன் என்றால், நான் சொல்ல வந்தது குரல் போன ஒருவரைப் பற்றி. எங்கள் தமிழ் ஐயா.

போடியில் கன்னியர் நடத்துகிற பழைய கத்தோலிக்கப் பெண்கள் உயர்நிலைப் பள்ளி எங்களுடையது. காலை மணி அடிக்கும்போது ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிய ஜீப்புகள் போடிமெட்டு ஏறி முடித்திருக்கும். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேருடைய அம்மாக்கள் அந்த ஜீப்புகளில்தான் இருப்பார்கள். குரங்கணி மலைப் பக்கத்துப் பிள்ளைகள் முதல் பஸ்சைப் பிடித்துத் தூக்கம் கலையாத முகத்தோடு வந்து இறங்கும். வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேர் வேதக்காரர்கள், பாதிப் பேர் எங்களைப் போல விபூதி பூசுகிறவர்கள். ஆனால் ஜெபத்துக்கு மணி அடித்தால் எல்லாருமே எழுந்து நின்று கை கூப்புவோம். இதில் யாருக்கும் ஒரு சங்கடமும் இருந்ததில்லை. தமிழ் ஐயா நெற்றி நிறைய விபூதியோடு வருவார். மாதா திருநாள் அன்று பள்ளியில் முதல் பாட்டு அவருடையதுதான்.

அவர் வகுப்புக்கும் என் வகுப்புக்கும் நடுவில் சுவர் கிடையாது. பழைய பெரிய கூடம் ஒன்றைப் பலகை வைத்துத் தடுத்து இரண்டாக்கியிருந்தார்கள். மூன்றாம் பீரியடில் அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான். அவர் செய்யுள் நடத்துகிற நாளில் நான் போரையெல்லாம் நிறுத்திவிட்டுப் பிள்ளைகளுக்கு எழுத்து வேலை கொடுத்துவிடுவேன். அவர் பாடுவார். பாட்டுக் கச்சேரி மாதிரி அல்ல. சொல்லுக்குச் சொல் நிறுத்தி, வரியின் கடைசியை மட்டும் கொஞ்சம் இழுத்து விடுவார். முதல் இரண்டு வரி முடிந்ததும் 'ம்க்கும்' என்று ஒரு செருமல். அப்புறம்தான் மூன்றாம் வரி. எந்தச் செய்யுளானாலும் அந்த இடத்தில் செருமல் தப்பாது.

பிள்ளைகள் சும்மா இருக்குமா? அவரோடு சேர்ந்து பாடும்போது மூன்றாம் வரிக்கு முன் வகுப்பு மொத்தமும் 'ம்க்கும்' என்று செருமும். ஐயா மேசையைத் தட்டுவார். "அது பாட்டுல இல்ல, கழுதைகளா!" என்பார். பிள்ளைகள் சிரிக்கும். அவரும் சிரிப்பார். மறுபடி பாடுவார்கள். மறுபடியும் செருமும். நானே ஒரு நாள் ஆசிரியர் அறையில் கேட்டேன்: "ஏங்கய்யா, அந்த மூணாவது வரிச் செருமலு எந்த இலக்கணத்துல வருது?" அவர் டீயை உறிஞ்சிக்கொண்டே, "அது என் சொந்தச் சரக்கு டீச்சர்" என்றார்.

பின்னால் மதுரையில் ஆஸ்பத்திரி டாக்டர் அவரிடம் முதலில் கேட்ட கேள்வியே, "இந்தச் செருமல் எத்தனை நாளா இருக்கு?" என்பதுதானாம்.

தென்மேற்குக் காற்று அடிக்கிற மாதங்களில் போடியில் பாதிப் பேருக்குத் தொண்டை கட்டும். அவருக்கும் கட்டியது. மலைத்தேன், துளசி, மிளகுப்பால் என்று ஆளாளுக்கு வைத்தியம் சொன்னோம். காற்று ஓய்ந்த பிறகும் அவர் கரகரப்புப் போகவில்லை. பாட்டில் மூன்றாம் வரி கேட்காமல் போயிற்று. அப்புறம் இரண்டாம் வரி. காலாண்டுப் பரீட்சை முடிந்ததும் மதுரைக்குப் போனார். குரல்வளையில் புற்று என்று சொல்லிவிட்டார்கள்.

பீடி கிடையாது, சிகரெட்டு கிடையாது, வெற்றிலை பாக்குகூட விசேஷத்துக்குத்தான். ஆனால் ஊர் வாய் இருக்கிறதே! "ஒண்ணுமில்லாம வருமா? ரகசியமா ஏதாச்சும் பழக்கம் இருந்திருக்கும்" என்று பஸ் நிறுத்தத்தில் ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவளை நான் கேட்ட கேள்வியை இங்கே எழுத முடியாது. பஸ் நிறுத்தமே திரும்பிப் பார்த்தது.

குரல்வளையை மொத்தமாக எடுத்துவிட்டார்கள். தலைமை ஆசிரியையான சிஸ்டரும் நானும் மதுரைக்குப் பார்க்கப் போனோம். கழுத்தில் ஒரு துளை. மூச்சு அதன் வழியாகத்தான். அவர் எங்களைப் பார்த்ததும் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை. பழக்கத்தில் மறந்துபோய்த் திறந்துவிட்டார் போல. சட்டென்று வாயை மூடிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் மனைவி அழுதார். சிஸ்டர் ஐயாவின் தலைமாட்டில் நின்று ஜெபம் சொன்னார். பஸ்சில் வரும்போது சிஸ்டரே சொன்னார்: "டீச்சர், நீங்க இவ்வளவு நேரம் பேசாம இருந்து நான் பாத்ததே இல்ல."

கதிர்வீச்சுச் சிகிச்சையெல்லாம் முடிந்து, ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம் தொடங்கிய பிறகு பள்ளிக்கு வந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. கழுத்தைச் சுற்றி மனைவி தைத்துக் கொடுத்த வெள்ளைத் துணி. கையில் சிறு பிள்ளைகள் எழுதுகிற சிலேட்டு. பேச வேண்டியதை அதில் எழுதிக் காட்டுவார். தொண்டையில் வைத்துப் பேசுகிற கருவி ஒன்றை டாக்டர் கொடுத்திருந்தார். நாங்கள் கேட்டதற்காக ஒரே ஒரு முறை ஆசிரியர் அறையில் அதை வைத்து "வணக்கம்" என்றார். பழுதான ரேடியோ மாதிரி இருந்தது. நாங்கள் எல்லாரும் நன்றாக இருக்கிறது, நன்றாக இருக்கிறது என்றோம். அவர் சிலேட்டில் எழுதினார்: "கடையில் பால் வாங்க இது போதும். செய்யுளுக்கு ஆகாது." கருவி பைக்குள் போய்விட்டது.

சிஸ்டர் அவரைத் தன் அறைக்கு அழைத்தார். என்னையும் கூட வரச் சொன்னார். சிஸ்டர் நல்ல மனுஷி. கண்டிப்பு உண்டு, ஆனால் கல் மனசு கிடையாது. வார்த்தையைத் தேடித் தேடித்தான் பேசினார்.

"ஐயா, உங்க வேலைக்கு ஒரு குறையும் வராது. நீங்க நூலகத்தப் பாத்துக்கங்க. வகுப்பு வேணாம். ஒன்பதாவது பிள்ளைங்க, அடுத்த வருசம் பொதுத்தேர்வு. செய்யுள வாயால சொல்லிக் குடுக்காம எப்படி? அதவிட, நீங்க கஷ்டப்படுறதப் பிள்ளைங்க பாத்துக்கிட்டு உக்காந்திருக்கணும். உங்களுக்கும் வேணாம், அதுகளுக்கும் வேணாம்."

ஐயா தலையை ஆட்டவில்லை. சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டார். பிறகு எழுதினார்: "மௌன நாள் அன்று ஒரு வகுப்புக் கொடுங்கள். அன்றைக்கு எல்லாரும் என்னைப் போலத்தான்."

மௌன நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தவக்காலத்தில் ஒரு வெள்ளிக்கிழமை எங்கள் பள்ளியில் யாரும் பேசக் கூடாது. காலை மணியிலிருந்து மாலை மணி வரை, சிஸ்டரிலிருந்து தோட்டக்கார அண்ணன் வரை. பாடம் நடக்கும், கரும்பலகையில் மட்டும். எந்தக் காலத்துக் கன்னியர் தொடங்கி வைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. தவறிப் பேசிவிட்டால் தண்டனை எதுவும் இல்லை. மைதானத்து ஓரத்திலிருந்து ஒரு கல்லை எடுத்துக்கொண்டு போய், வேப்பமரத்துப் பக்கம் நிற்கிற சிலுவையின் அடியில் வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான். ஈஸ்டர் முடிந்ததும் அண்ணன் அந்தக் கல்லையெல்லாம் அள்ளிக்கொண்டு போய்ப் பூச்செடிப் பாத்திக்கு வரப்புக் கட்டுவார். எங்கள் செம்பருத்திப் பாத்தியில் பாதிக் கல் என் கல்தான். எனக்காகப் பிள்ளைகளே நல்ல கல்லாகப் பொறுக்கித் தயாராக வைத்திருப்பார்கள்.

சிஸ்டர் யோசித்தார். "அன்னைக்கு நல்லா நடக்கும் ஐயா. மறுநாள்?" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "குடுத்துத்தான் பாருங்களேன் சிஸ்டர். நாளைக்கு நடக்கப் போறது நாளைக்கு" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது. அலுவலக அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

சிஸ்டர் ஒப்புக்கொண்டார். அந்த வகுப்பு நன்றாக நடந்தால் ஒன்பதாம் வகுப்பு திரும்ப அவருக்கு. இல்லாவிட்டால் நூலகம்.

மௌன நாள் மூன்றாம் பீரியடில் நான் என் பிள்ளைகளுக்கு இந்திய வரைபடத்தைக் கொடுத்துவிட்டு, பலகைத் தடுப்பின் இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டேன். வெட்கமில்லாமல்தான். ஐயா செய்யுளைக் கரும்பலகையில் எழுதினார், இடையிடையே சொற்களை விட்டுவிட்டு. ஒரு பிள்ளையைக் கையால் கூப்பிட்டுச் சுண்ணக்கட்டியைக் கொடுத்தார். அவள் தப்பாக நிரப்பினாள். அவர் அந்தச் சொல்லை நடித்துக் காட்டினார், யானை வருகிறது என்று மூக்குக்கு முன் கையைத் தும்பிக்கையாக வளைத்து. பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கின. ஒவ்வொருத்தியாக ஓடி ஓடி வந்து எழுதினார்கள். சரியாக எழுதினவளுக்கு அவர் இடுப்பை வளைத்து ராஜாவுக்குப் போடுகிற மாதிரி ஒரு வணக்கம் போட்டார். வெளி ஜன்னலில் சிஸ்டர் நின்றுகொண்டிருந்தார். நெடுநேரம் நின்றார். போகும்போது என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஒரு முறை ஆட்டினார். நான் "அப்பாடா!" என்று கத்திவிட்டேன். அந்த வருஷத்து என் கல் அதுதான். ஆசையோடு கொண்டுபோய் வைத்தேன்.

திங்கட்கிழமை முதல் ஒன்பதாம் வகுப்பு அவருக்கு.

இங்கேதான் கதை கோணிக்கொண்டது. திங்கட்கிழமை மூன்றாம் பீரியடில் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. சுண்ணக்கட்டி உரசுகிற சத்தம் மட்டும் வந்தது. பரவாயில்லை, பிள்ளைகள் ஒழுங்காக இருக்கின்றன என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. புதன்கிழமையும். இதே பிள்ளைகளுக்கு ஐந்தாம் பீரியடில் நான் போகிறேன். அங்கே சந்தைக்கடைதான், கரும்பலகைப் பக்கம் திரும்ப முடியவில்லை. ஆனால் ஐயா வகுப்பில் ஒரு இருமல்கூட இல்லை.

அதே வாரம் தோட்டக்கார அண்ணன் என்னை வழியில் நிறுத்தினார். "டீச்சரம்மா, மௌன நாளுதான் முடிஞ்சுபோச்சே. செலுவைக்கிட்ட கல்லு மட்டும் ஏறிக்கிட்டே போகுது. தெனமும் ரெண்டு மூணு புதுசா கெடக்கு. எந்தக் கழுத போடுதுன்னு தெரியல. ஒங்க சோலியா?" என்றார். "எனக்கு வேற சோலி இல்லையாண்ணே?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வாரம் ஒரு நாள் நடந்ததை ஐயாதான் பிறகு எனக்கு எழுதிக் காட்டினார். அன்றைக்குப் புதுச் செய்யுள். பலகையில் எழுதி, பொருள் எழுதி, கடைசியில் "எல்லோரும் சேர்ந்து பாடுங்கள்" என்று எழுதியிருக்கிறார். பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டன. அவர் "சத்தமாக" என்று எழுதி அடிக்கோடு போட்டார். ஒருத்தி எழுந்தாள். பிறகு எல்லாரும் எழுந்தார்கள். பாடினார்கள். அதாவது உதட்டை அசைத்தார்கள். வகுப்பு மொத்தமும், வரிசை வரிசையாக, நாலு வரிக்கும் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

நினைத்துப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் எங்கள் முன்னால் அவர் வாயைத் திறந்தாரே, அதே காட்சியை ஒரு வகுப்பு நிறையப் பிள்ளைகளின் முகத்தில் அவர் பார்த்திருக்கிறார். சுண்ணக்கட்டியை வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டார்.

ஆசிரியர் அறையில் நான் அவரைப் பார்த்தபோது சிலேட்டில் எழுதி நீட்டினார். எழுதியது கோணல்மாணலாக இருந்தது. "அவர்கள் கேலி செய்யவில்லை. கேலி செய்தால்கூடத் தாங்கியிருப்பேன். என்னைக் கண்டால் துக்க வீட்டுக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருக்கிறார்கள். என் வகுப்பில் பிள்ளைகளுக்கு வாய் அடைத்துப் போகிறது. சிஸ்டர் சொன்னதுதான் சரி. நூலகம் போகிறேன்."

"ஐயா, அவசரப்படாதீங்க" என்றேன். அவர் சிலேட்டைத் துடைத்துவிட்டார். அன்று சாயங்காலமே சிஸ்டரிடம் சொல்லிவிட்டார். சிஸ்டருக்கும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் என்ன செய்வார்? அடுத்த திங்கள் முதல் வேறொரு டீச்சர் தமிழ் எடுப்பதென்று முடிவாயிற்று. மறுநாள் காலையிலேயே ஐயா நூலகத்து அலமாரிகளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது? மூன்றாம் பீரியடில் என் வகுப்பை அப்படியே விட்டுவிட்டு அடுத்த பக்கம் போனேன். ஆசிரியர் இல்லாத வகுப்பு, ஆனாலும் பிள்ளைகள் கப்சிப்பென்று உட்கார்ந்திருந்தன. அது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"ஏண்டி, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீங்க? என் வகுப்புல கத்துறீங்களே கத்து, கூரை பிஞ்சுபோற மாதிரி! அந்த மனுசன் வகுப்புல மட்டும் வாய் வலிக்குதாக்கும்? அவரு நொந்துபோயி நூலகத்துல தூசி தட்டிக்கிட்டு இருக்காரு, தெரியுமா? இனிமே இந்த வகுப்புக்கு வர மாட்டாரு. திருப்திதானா ஒங்களுக்கு?"

யாரும் பேசவில்லை. இரண்டு பேர் அழ ஆரம்பித்தார்கள். வகுப்புத் தலைவி எழுந்தாள். குரங்கணிக்கு மேலே இருந்து வருகிற பிள்ளை, அம்மா ஏலத்தோட்டத்தில் வேலை. மெலிந்த உடம்பு, பிடிவாதக்காரி. என்னைப் பார்த்து வெளியே வரும்படி கையைக் காட்டினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. வராந்தாவுக்கு வந்ததும்தான் வாயைத் திறந்தாள்.

"டீச்சர், இந்தப் பீரியடுல உள்ள பேசக் கூடாது டீச்சர். நாங்க நேந்துக்கிட்டோம்."

"என்னன்னு?"

"ஐயாவுக்குக் கொரலு திரும்பி வரணும்னு. வர்ற வரைக்கும் அவரு பீரியடுல நாங்க ஒருத்தரும் பேசுறதில்லன்னு. மௌன நாளு அன்னைக்கி ஐயா எம்புட்டு சந்தோசமா இருந்தாரு? அன்னைக்குத்தான் முடிவு பண்ணோம். மாதாட்டயும் வேண்டிக்கிட்டோம், எங்க சாமிகிட்டயும் வேண்டிக்கிட்டோம். தப்பித்தவறி ஆராச்சும் பேசிட்டா கல்லு கொண்டுபோயி வச்சிருவோம்."

அவளே தொடர்ந்தாள்.

"போன வருசம் எங்கம்மா ஏலக்காட்டுல சறுக்கி விழுந்து இடுப்பு எந்திரிக்க மாட்டாம கெடந்துச்சு டீச்சர். நான் செவ்வாக்கெழம செவ்வாக்கெழம பேசாம இருந்தேன். தைக்குள்ள எந்திரிச்சு ஜீப்பு ஏறிருச்சு. அதான் சொன்னேன், பலிக்கும்னு." கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள்: "வந்திரும்ல டீச்சர்?"

என் குரலை ஊரே மெச்சும். அது அந்த இடத்தில் எனக்கு உதவவில்லை. வராது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இவர்களுக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஐயாவுக்குத் தொண்டையில் ஆபரேஷன் என்று மட்டும் சொல்லியிருந்தோம். ஆபரேஷன் என்றால் சரியாகிவிடும் என்றுதானே பிள்ளை நினைக்கும்? பிள்ளைகள் மனசு நோகக் கூடாதென்று பெரியவர்கள் நாங்கள் எல்லாரும் சேர்ந்து வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

நூலகத்துக்கு ஓடினேன். ஓடினேன் என்றால் நிஜமாகவே, சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. ஐயா நாற்காலியில் ஏறி நின்று மேல்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னேன்.

"துக்கமும் இல்ல, ஒரு மண்ணும் இல்லங்கய்யா. ஒங்க கொரலு வரணும்னு விரதம் இருக்குதுங்க. அந்தச் செலுவைக்கிட்ட கெடக்குற கல்லெல்லாம் ஒங்களுக்காகக் கொண்டுபோயி வச்ச கல்லு. என்னால சொல்ல முடியல. வெரசா வாங்க. நீங்களே வந்து சொல்லுங்க."

அவர் நாற்காலியிலிருந்து இறங்கினார். துணியை மடித்து வைத்தார். நடக்கும்போது வழியில் நின்று, வேப்பமரத்தடியில் குவிந்து கிடந்த கல்லைப் பார்த்தார். நடந்தார்.

வகுப்புக்குள் போனதும் பிள்ளைகள் எழுந்து நின்றன. அவர் உட்காரச் சொல்லிக் கை காட்டினார். கழுத்துத் துணியை அவிழ்த்தார். இத்தனை நாளில் அவர் அதை யார் முன்னும் அவிழ்த்ததில்லை. முன் வரிசைப் பிள்ளை ஒன்று கண்ணை மூடிக்கொண்டது, பிறகு திறந்து பார்த்தது. அவர் துளையைத் தொட்டுக் காட்டினார். மூச்சு அதன் வழியாகப் போய் வருவதைக் கையை வைத்துக் காட்டினார். பிறகு கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதினார்.

"என் குரல்வளையை வெட்டி எடுத்துவிட்டார்கள். குரல் இனி வராது. எந்தச் சாமி திருப்பிக் கொடுத்தாலும் அதை வைக்க என்னிடம் இடம் இல்லை."

வகுப்பு வாசித்தது. வகுப்புத் தலைவி, அந்த மலைப் பிள்ளை, எழுந்து நின்றாள். நேர்ச்சையை அவளே உடைத்தாள்.

"அப்ப நாங்க பேசாம இருந்ததெல்லாம் வீணாங்கய்யா?"

அவர் அவளைப் பார்த்தார். நான் வாசலில் நின்றுகொண்டு, வீண் இல்லையென்று எழுதிவிடு மனுஷா என்று மனசுக்குள் மன்றாடினேன். அவர் பலகையை முழுக்கத் துடைத்தார். இரண்டே சொல் எழுதினார்.

"வீண்தான். பாடு."

அவள் அழுதுகொண்டேதான் தொடங்கினாள். பழைய செய்யுள், ஐயாவுக்குக் குரல் இருந்த காலத்தில் அவர் சொல்லிக் கொடுத்தது. முதல் வரியில் அவள் மட்டும். இரண்டாம் வரிக்குள் வகுப்பு மொத்தமும் சேர்ந்துகொண்டது. சொல்லுக்குச் சொல் நிறுத்தி, கடைசியை இழுத்து, அவர் பாடுகிற அதே மாதிரி. இரண்டு வாரமாக அடைத்து வைத்த வாய்கள். கூடம் அதிர்ந்தது. இரண்டாம் வரி முடிந்தது. அத்தனை பிள்ளைகளும் ஒன்றாக, யாரும் சொல்லாமல், 'ம்க்கும்' என்று செருமின.

பாட்டு நின்றுவிட்டது. பிள்ளைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு விறைத்து நின்றன. செய்யக் கூடாததைச் செய்துவிட்டோம் என்று தெரிந்துவிட்டது. ஐயா மேசையைத் தட்டக் கையைத் தூக்கினார். பழைய பழக்கம், அது பாட்டில் இல்லை என்று சொல்லத் தூக்கின கை. தூக்கினபடியே நின்றது. பிறகு அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. சத்தமே இல்லாத சிரிப்பு, கண்ணில் தண்ணீர் ஓட ஓட. நான் ஊருக்கே கேட்கும்படி அழுதேன். அதற்காக எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

முதலிலிருந்து பாடச் சொல்லிக் கை காட்டினார். இந்த முறை அவரே மேசையில் தாளம் தட்டினார். இரண்டாம் வரி முடிந்ததும் தாளத்தை நிறுத்திக் காத்திருந்தார். பிள்ளைகள் தயங்கின. அவர் தலையை அசைத்தார். செருமின. அப்புறம்தான் மூன்றாம் வரிக்குத் தாளம் தட்டினார்.

வேறு டீச்சர் வரவில்லை. ஐயா இப்போதும் ஒன்பதாம் வகுப்பு எடுக்கிறார். கரும்பலகை, சிலேட்டு, மேசைத் தாளம். புதுச் செய்யுள் என்றால் பழைய பிள்ளைகளில் ஒருத்தி பத்தாம் வகுப்பிலிருந்து வந்து மெட்டைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறாள். அந்த வருஷத்துக் கல்லைத் தோட்டக்கார அண்ணன் பாத்திக்கு எடுக்கவில்லை. சிஸ்டர் வேண்டாம் என்றுவிட்டார்.

இந்த ஆண்டு ஒன்பதாம் வகுப்புக்கு வந்திருப்பவர்களில் சிலர் வேறு பள்ளிகளிலிருந்து வந்தவர்கள். ஐயாவின் குரலை ஒரு நாளும் கேட்டிராத பிள்ளைகள். நேற்று மூன்றாம் பீரியடில் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவர்கள் பாடினார்கள். இரண்டு வரி முடிந்ததும் செருமினார்கள். மணி அடித்து வெளியே வந்த ஒரு புதுப் பிள்ளையை நிறுத்தி, "ஏம்மா, நடுவுல எதுக்குச் செருமுறீங்க?" என்று கேட்டேன்.

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "அது பாட்டுல இருக்கு டீச்சர்" என்றாள்.